ஜெயமேரி அக்காவின் டின் அலமாரி

ரீட்டாவின் போன் வந்தபோது நான் எங்கள் சாமான் அறையில் தரையில் உட்கார்ந்து, காளான் டின்களுக்கு ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை. ஜெயமேரி அக்கா புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வருவதாக இருந்தார். வந்ததும் கால் கழுவுகிறாரோ இல்லையோ, நேரே இந்த அறைக்குள்தான் நுழைவார். தட்டுத் தட்டாகத் தடவிப் பார்ப்பார். ஒரு டின் இடம் மாறியிருந்தாலும் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார். அந்தப் பயத்தில் விடிந்ததுமே வேலையை ஆரம்பித்திருந்தேன்.

ரீட்டா அவருடைய ஒரே மகள். "சித்தி" என்றாள். அதற்கு மேல் அழுகைச் சத்தம்தான் கேட்டது. "என்னடி, அம்மாவுக்கு என்ன?" என்று கத்தினேன். "காபி கேட்டாக சித்தி. போட்டுக்கிட்டு வாரதுக்குள்ள..." என்றாள். கையில் இருந்த ரப்பர் பேண்டை என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காரைக்குடியில் எங்கள் சமையலைச் சாப்பிட்டவர்களுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியும். சத்தம் போடுகிறவள் நான். சத்தமில்லாமல் வேலையை முடிக்கிறவர் அக்கா. ஒக்கூரில் பிறந்தவர். ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு வந்து, சேர்ந்து கல்யாணச் சமையல் எடுப்போம் என்றேன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை, எனக்கு வெள்ளிக்கிழமை அம்மன் கோயில். அந்த இரண்டு வேளை போக மற்ற நேரமெல்லாம் ஒரே அடுப்படியில்தான் கிடந்தோம்.

செட்டிநாட்டுச் சமையலில் டின்னா என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கல்யாணத்துக்கு வருகிற பிள்ளைகள் காளான் கேட்கும், அன்னாசி போட்ட கேசரி கேட்கும். முந்தின நாள் ராத்திரி போன் பண்ணி நூறு இலை கூட்டச் சொல்வார்கள். அப்போது கை கொடுப்பது அலமாரியில் இருக்கிற டின்தான். அந்த அலமாரி முழுக்க முழுக்க அக்காவின் ராஜ்ஜியம்.

"பழசு வாசப்பக்கம் நிக்கட்டும், புதுசு வரிசையில நிக்கட்டும்" என்பார். புது டின் வந்தால் பழையதை எல்லாம் முன்னால் தள்ளி, பின்னாலிருந்துதான் அடுக்க வேண்டும். நான் அவசரத்தில் முன்னால் சொருகிவிட்டுப் போனால், ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்குவார். அந்த மௌனத்துக்கு நாலு திட்டு திட்டினாலும் தேவலை. ஒவ்வொரு டின் தலையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். கொஞ்சம் உப்பியிருந்தாலும் குப்பைக்குப் போகும். "நல்ல டின்னுக்கா, போன மாசம்தான் வாங்கினோம்" என்று நான் ஒருமுறை மல்லுக்கட்டினேன். "வயிறு உப்புன டின்னு நமக்கு வேணாம் வள்ளி. பந்தியில ஒரு பிள்ளைக்கு வயித்த வலிச்சா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்த அடுப்பு மூட்டுறது?" என்றார். டின்னை நானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

பிறகு ஒரு வருடம் டின்களுக்கு ரப்பர் பேண்டு மாட்ட ஆரம்பித்தார். காளானுக்கு ஒன்று, அன்னாசிக்கு இரண்டு, தேங்காய்ப்பாலுக்குத் துணிக்கிழிசலில் ஒரு முடிச்சு. கெட்டிப்பால் டின் குள்ளமாக இருக்கும், அதற்கு ஒன்றும் கிடையாது. "லேபிள்லதான் பெருசா படம் போட்டிருக்கானே, அதுக்கு மேல எதுக்குக்கா பெல்ட்டு?" என்று கேலி செய்தேன். "லேபிள் கிழியும், பெல்ட்டு கிழியாது" என்றார். அவருக்கு எப்போதும் இப்படி ஏதாவது கிறுக்கு உண்டு என்று நானும் விட்டுவிட்டேன்.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டு அறுபதாம் கல்யாணம். பந்தி முடிந்து பஸ் ஏறுகிறவர்களுக்குப் பார்சல் கட்டவேண்டியிருந்தது. சாம்பார், ரசக் கவர்களைக் கட்ட ரப்பர் பேண்டு தீர்ந்துபோக, எங்களிடம் வேலை பார்த்த பிள்ளைகள் டின்களில் இருந்ததை எல்லாம் உருவிவிட்டார்கள். அடுத்த பந்திக்குக் காளான் மசாலா. அக்கா வாணலியில் வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் வதக்கி, புகை நடுவே நின்று டின்னை வெட்டிக் கவிழ்த்தார். இரண்டாவதையும் கவிழ்த்தார். கரண்டி போட்டுக் கிளறியவர் அப்படியே நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். வாணலி நிறைய அன்னாசி.

அடி ஆத்தி! வெளியே இலை போட்டாயிற்று. நான் யோசிக்கவே இல்லை. புளியைக் கரைத்து ஊற்றினேன், வெல்லத்தைத் தட்டிப் போட்டேன், அரிசி கழுவின தண்ணீரை விட்டுக் கொதிக்கவைத்து, மண்டி என்று பரிமாறச் சொல்லிவிட்டேன். அரிசி கழுவின தண்ணீரில் புளி சேர்த்து வைக்கிற வெண்டைக்காய் மண்டி எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அன்னாசி மண்டி என்று ஒன்றை அந்த வீட்டு ஆச்சி கேள்விப்பட்டதே இல்லை. நேரே அடுப்படிக்கு வந்து, "இது எந்த ஊரு மண்டி?" என்றார். "ஒக்கூர் மண்டி ஆச்சி" என்று நான் கூசாமல் சொன்னேன். "நல்லாத்தேன் இருக்கு, மறு இலைக்கும் வையி" என்று போய்விட்டார். நான் சிரிக்கிறேன், அக்கா சிரிக்கவில்லை. வாணலியைப் பார்த்தபடி நின்றார்.

எல்லோரும் போன பிறகு பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னார். "எனக்கு ஓரமெல்லாம் இருட்டிருச்சு வள்ளி. நடுவுல மட்டும் கொஞ்சூண்டு தெரியுது. எழுத்து சுத்தமா தெரியல. கண்ணுல பிரஷராம். போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக." நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லிப்புடாத. தெரிஞ்சா என்னைய உக்கார வச்சிருவாக" என்றார். சாவைப் பற்றி அவருக்குப் பயம் இருந்ததாக நான் பார்த்ததில்லை. யாராவது தன்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பதுதான் அவருடைய பயம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், இனிமேல் அவரை யாரும் உட்கார வைக்க முடியாது என்பதால்தான்.

அதற்குப் பிறகும் பல வருடம் நின்றார். நீங்கள் அவர் கையால் சாப்பிட்ட காளான் மசாலாவும் கேசரியும் பாதிக்குமேல் அந்த வருடங்களில் சமைத்ததுதான். அலமாரியில் ஓர் அங்குலம் எதுவும் நகரக் கூடாது என்பது எங்கள் சட்டம். பார்சலுக்கு ரப்பர் பேண்டு தனியாக ஒரு மூட்டை வாங்கிப் போட்டேன். போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ரீட்டா வந்து கூட்டிப்போனாள். அங்கே டாக்டரிடம் காட்டியதில் கண் விஷயம் அவள் வீட்டாருக்கும் தெரிந்துபோனது. அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. தாயைத் தரையில் கால் படாமல் பார்த்துக்கொண்டாள். அதுதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "காபியக்கூடக் கையில கொண்டாந்து குடுக்குறாக வள்ளி. நான் என்ன, சம்பந்தி வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கேன்? எந்திரிச்சா, 'எங்கம்மா போறீக'ங்கிறா ரீட்டா. எங்க போவேன், அடுப்படிக்குத்தேன்" என்பார் போனில். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பிறகு குரல் இறங்கிவிடும். "இங்க எல்லாம் நல்லா அடுக்கித்தேன் இருக்கு. எனக்கு ஒன்னும் கைக்கு வரல" என்றார் ஒருநாள்.

அன்றைக்கே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். ரீட்டாவோடு சண்டை போட்டேன், கெஞ்சினேன். "அடுப்புல விழுந்துட்டா என்ன சித்தி செய்யறது?" என்று அழுதாள். "அடுப்ப நான் பாத்துக்கிர்றேன். டின்ன உங்கம்மா பாத்துக்கிருவாக" என்றேன். கடைசியில் தை முகூர்த்தத்துக்கு அனுப்ப ஒப்புக்கொண்டாள். உள்ளறையிலிருந்து அக்கா, "வள்ளி, என் சீலையெல்லாம் எங்க இருக்குன்னு கேளு, எடுத்து வைக்கணும்" என்று குரல் கொடுத்தார்.

புதன்கிழமை வருவதாக இருந்தவர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார், ஆம்புலன்சில். கல்லறைத் தோட்டத்தில் யாரோ, "பாவம், கண்ணு தெரியாம கடைசி வரைக்கும் கஷ்டப்பட்டுச்சாம்" என்றார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கஷ்டப்பட்டது கண் தெரியாமல் இருந்த வருடங்களில் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஆறு மாதத்தில்தான். இதை அங்கேயே கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ரீட்டாவின் முகத்தைப் பார்த்தேன், அடக்கிக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், ஒரு பழக்கம்தான். அவருக்காக நான் எதை எங்கே வைத்தாலும் வாய்விட்டுச் சொல்லி வைப்பேன். அவர் எந்த மூலையில் இருந்தாலும் "ம்" என்பார். அந்த "ம்" வரும்வரை டின்னிலிருந்து கையை எடுக்க மாட்டேன். நேற்றுப் புதுச் சரக்கு வந்தது. பழையதை முன்னால் தள்ளிவிட்டு, "அன்னாசி நடுத்தட்டுல இடது ஓரம்" என்றேன். கையை எடுக்காமல் நின்றேன். வேலைக்கு வந்திருந்த பெண், "யார்ட்டக்கா பேசுறீக?" என்று கேட்டாள். அவள் போகும்வரை காத்திருந்து, மெதுவாக இன்னொரு தரம் சொன்னேன்.

வாங்கக்கா. எல்லாம் உங்க கைக்கு வர்ற மாதிரிதான் வச்சிருக்கேன்.