கடித்த நாய்க்கு இரண்டு உரிமைக்காரர்கள்

1991ஆம் ஆண்டு வல்லக்கோட்டைச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். தாலுகா அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றிருந்த காலம். ஊரில் பட்டம் பெற்றவர்கள் அதிகமில்லை. ஆகவே ஊராட்சிக்கு எந்த வாசகம் தேவைப்பட்டாலும் தலைவர் என்னிடம்தான் வருவார். அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு பக்கத்து ஊரில் வெறிநாய் ஒன்று இரண்டு மாடுகளைக் கடித்துவிட்டது. நாய் வளர்ப்போருக்கு விதி வகுக்க வேண்டும் என்று தலைவர் வந்தார். நான் எழுதிக் கொடுத்தேன். நாய்க்குத் தடுப்பூசி போட வேண்டும், கழுத்தில் பட்டை கட்ட வேண்டும். பட்டை கட்டியவரே நாய்க்கு உடையவர், அதனால் நேரும் எதற்கும் அவரே பொறுப்பு. பட்டையில்லாத நாயை நாய் பிடிப்பவர்கள் பிடித்துச் சென்றால் யாரும் கேட்கக் கூடாது. தண்டோராக்காரர் அதைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனபோது, ஒரு சொல்லும் பிசகவில்லை என்பதை வாசலில் நின்று கவனித்தேன்.

என்னிடமும் ஒரு நாய் இருந்தது. செவலை நிறம், நாட்டு நாய். குட்டியாக வந்தது முதல் அதற்குத் தட்டில் தயிர்ச்சோறு வைத்தவன் நான். ஆனால் எதிர்வீட்டில் ஒருவர் குடிவந்த பிறகு நிலைமை மாறியது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். மாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் சட்டைப்பையில் கேன்டீன் பன் ஒன்று இருக்கும். அந்த பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே என் நாய் சாலையில் போய் உட்கார்ந்துவிடும். நான் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பும். அவரைக் கண்டால் உடம்பு முழுவதும் ஆடும். ஒரு பன்னுக்கு இவ்வளவா என்று முதலில் எண்ணினேன். பிறகு பன் இல்லாத நாளிலும் அது அப்படியே ஆடியதைப் பார்த்தேன். பொறாமை என்ற சொல்லை நான் தவிர்க்கப் போவதில்லை. அந்த வயதில், கல்லூரிப் படிப்பும் குடும்ப கௌரவமும் உள்ள ஒருவனுக்கு, ஒரு நாயின் வாலைப் பார்த்து வயிறு எரிந்தது.

பட்டை விஷயத்தில் நான் தாமதித்தேன். விதியை எழுதியவன் வீட்டு நாய் கயிற்றைக் கட்டிக்கொண்டு திரியலாகாது என்று காஞ்சிபுரத்தில் தோல் பட்டை ஒன்று செய்யச் சொல்லியிருந்தேன். அது வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாய் கழுத்தில் சிவப்புப் பட்டையோடு வீட்டுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைக் கால்நடை மருத்துவர் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசியும் போட்டுவிட்டிருந்தார்.

நேரே போய்க் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க சார். கழுத்துல ஒண்ணுமில்லாம கெடந்துச்சு. புடிச்சிட்டுப் போயிருவானுவன்னுதான் போட்டேன்" என்றார்.

அதில் குற்றம் காண இடமில்லை. என் விதிப்படி நாய் அவருடையது. என் வாசகத்தை நானே மறுக்க முடியாமல் திரும்பி வந்தேன். அன்று தயிர்ச்சோற்றை அது முழுவதும் தின்றது. அந்தச் சிவப்புப் பட்டை தட்டில் இடிக்கும் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் தெருவில் கீரை விற்கும் அம்மாள் தெரியாமல் அதன் வாலை மிதித்துவிட்டாள். நாய் கணுக்காலில் கடித்துவிட்டது. ஊராட்சி அலுவலகத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். கடிபட்டவரை உடையவர் தினமும் ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வயிற்றில் ஊசி போட்டு வர வேண்டும். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கண்காணிக்கவும் வேண்டும். இத்தகைய இடத்தில் எல்லாரும் நாயைக் கைகழுவுவார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் நாய்தான் என்றார். குட்டியிலிருந்து வளர்த்தவன் நான், என் நாய்தான் என்றேன்.

தலைவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார் இது? கடிச்ச நாய எவனும் என்னுதுன்னு சொல்லி நான் பாத்ததில்ல. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினு நிக்கிறீங்க."

காலில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்திருந்த கீரைக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "கடிச்சது ஒரு நாயி, அதுக்கு ரெண்டு அப்பனா? ஊசிக்கு யாரு என்னை இட்டுகினு போறது, அத்த சொல்லுங்க மொதல்ல."

எதிர்வீட்டுக்காரர் தலைகுனிந்தார். ஷிஃப்ட்டில் அத்தனை நாள் தொடர்ந்து லீவு தரமாட்டார்கள் என்றார். நான் எழுந்து, விதியில் பட்டையும் உண்டு பொறுப்பும் உண்டு, பொறுப்பை ஏற்க முடியாதவரின் பட்டைக்குப் பொருளில்லை என்றேன். தலைவர் ஒத்துக்கொண்டார். அன்றே சிவப்புப் பட்டையைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் காஞ்சிபுரத்துத் தோல் பட்டையும் வந்து சேர்ந்தது.

தினமும் காலையில் அந்த அம்மாளோடு பஸ்ஸில் போனேன். காலில் என்ன கட்டு என்று யாராவது கேட்டால், "சாரு வூட்டு நாயி கடிச்சிட்ச்சு" என்பாள். வேறு எவரும் வெட்கப்படும் இடம். நானோ ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரறிய, பஸ்ஸறிய, அது என் நாய்.

மாலைகள் அப்படியில்லை. கம்பெனி பஸ் திரும்பும் ஓசை கேட்டதும் நாயின் கட்டுக் கயிறு விறைக்கும். எதிர்வீட்டுக்காரர் என் வாசலைக் கடக்கும்போது அதைப் பார்க்காமல், தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பார். அவர் பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நாள் முடிந்தது. நாய் நலமாக இருந்ததால் அம்மாளுக்கு இதுவரை போட்ட ஊசி போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று மாலை நாயின் கயிற்றை அவிழ்த்தேன். அது என் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. போய் இழுத்துவர எனக்கு மனமில்லை. என் வீட்டுப் பட்டையை அணிந்த நாய் அங்கே படுத்திருப்பதைத் தெருவே பார்த்தது.

அவர் வேலை முடிந்து வந்தார். குனிந்து அதன் தலையைத் தடவினார். பிறகு தோல் பட்டையில் விரலைக் கொடுத்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்து என் படியருகே நின்றார்.

"சார், உங்க நாயி" என்றார்.

பட்டையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அது அவர் எனக்குக் கொடுத்த நாய் என்று ஆகியிருக்கும்.