இன்னொருவர் இழுத்த துருத்தி

சென்ற ஆண்டு ஆடி மாதம், குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மதியம் வில்லுப்பாட்டு. லேசாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அந்த வில்லிசைக் குழுவில் பல வருடங்கள் அக்கார்டியன் வாசித்தவன் நான். ஆனால் அன்று கேட்டுவிட்டு வரத்தான் போனேன்.

அதற்கு முந்தைய தை மாதம் எனக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன, இடது கை மட்டும் திரும்பவில்லை. அக்கார்டியனில் வலது கை கட்டைகளை அழுத்தும், இடது கை துருத்தியை இழுத்து மூடும். காற்று இல்லாமல் கட்டையை அழுத்திப் பயனில்லை. பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

கொடைக்குப் போனால் பெட்டி மேடையில் இருக்கிறது. குழுவில் பாடுகிற அக்கா முந்தின நாளே ஆள் அனுப்பி, என் மனைவியிடம் வாங்கி வைத்திருக்கிறார். அவர் கூப்பிட, ஏறி உட்கார்ந்தேன்; பெட்டியைத் தோளில் மாட்டிவிட்டார்கள்.

பின்பாட்டுக்காரர் ஒருவர் உண்டு. "வில்லுப்பாட்டுக்கு எதுக்கு இந்தச் சினிமாப் பொட்டி?" என்று நான் சேர்ந்த நாளிலிருந்தே கேட்டவர். எங்களுக்குள் அவ்வளவாகப் பேச்சு கிடையாது. அன்று அவர்தான் ஜால்ராவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"நீரு கட்டைய மட்டும் பாரும். இழுக்கது என் பாடு."

"அது அப்படியெல்லாம் வராதுவே," என்றேன்.

"பாட்டுல எங்கன மூச்சு விடணும்னு எனக்குத் தெரியாதாவே?"

முதல் பாட்டில் சத்தம் நெரிந்து வந்தது. வேகமாக இழுத்துவிட்டார், வரி முடிவதற்குள் காற்று தீர்ந்தது. முன்னால் இருந்த சிலர் சிரித்தார்கள். எழுந்துவிட நினைத்தேன். தோளில் மாட்டிய வாரை ஒற்றைக் கையால் கழற்ற முடியாததால் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பாட்டில் அவர் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்பாட்டு பாடிக்கொண்டே இழுத்தார். அவர் மூச்சு எடுத்த இடத்தில் துருத்தியும் திரும்பியது. பிறகு எங்கும் அறுபடவில்லை. அம்மன் பிறக்கும் கட்டத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். பாடுகிற அக்கா எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாட்டு சரியாகப் போகிறது என்று அதிலேயே தெரிந்தது.

முடிந்ததும் அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே, "இத்தன வருசமா இதத் தனியாவா இழுத்தீரு?" என்று கேட்டார். 

இப்போது கடையம், சிவகிரி என்று எங்கே கொடை என்றாலும் சேர்ந்துதான் போகிறோம். இடது கை இன்னும் அசையவில்லை. யாராவது வந்து நன்றாக வாசித்தீர்கள் என்றால் இரண்டு பேரும் தலையாட்டுகிறோம், அதில் என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு இப்போதெல்லாம் வருவதில்லை.