ஆள்காட்டி விரலும் நாற்பது மீன்தொட்டிகளும்

மீன்தொட்டி அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். நாற்பது தொட்டிகளில் வண்ணமீன் வைத்து விற்பவர். கையும் வாயும் ஓயாதவர்.

ஒருநாள் தொட்டிக்குள் கைவிட்டுக் கூழாங்கல்லை அலசும்போது, உள்ளே கிடந்த உடைந்த பொம்மைக் கோட்டை வலது ஆள்காட்டி விரலின் கணுவைக் கிழித்தது. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். காயம் ஆறிவிட்டது. மூன்று வாரம் கழித்து அந்தக் கணு கத்திரிக்காய் போல வீங்கியது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. விரல் மட்டும் மடங்க மறுத்தது.

முதலில் பார்த்த டாக்டர் வாதம் என்று மூட்டிலேயே ஊசி போட்டார். இரண்டு வாரம் சுகம். பிறகு வீக்கம் இரட்டிப்பானது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவர், “பிரேக்கும் பிடிக்கல, கியரும் விழல. வேற ஆளைப் பாப்போம்” என்றார்.

அடுத்தவர் எலும்பு டாக்டர், இளம்பெண். எக்ஸ்ரேயில் மூட்டின் எலும்பு ஓரம் அரித்திருந்தது.

“திறந்து சுத்தம் பண்ணணும். ஒரு மாசம் கை நனையக் கூடாது.”

“ஒரு மாசமா? என் மீனுக்கெல்லாம் யாரு தண்ணி மாத்துறது? இவரா? இவரை நம்பினா மீன் நடக்கக் கத்துக்கும்!”

டாக்டரின் பேனா நின்றது. “மீனா? இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“யாரும் கேக்கலையே டாக்டர்.”

மீன்தொட்டித் தண்ணீரில் அபூர்வமாக ஒரு கிருமி இருக்குமாம். உடம்புச் சூட்டைவிடக் குளுமைதான் அதற்குப் பிடிக்குமாம். அதனால் விரலைத் திறந்து சுத்தம் செய்தபோது எடுத்த சதையைக் குறைந்த சூட்டில் வைத்துப் பார்க்கும்படி டாக்டர் பரிசோதனைக் கூடத்துக்கு எழுதி அனுப்பினார். ஐந்தாம் வாரம் கிருமி முளைத்தது.

“காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். மத்தவங்களுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க.”

“சொந்தம்னு வந்தா சீக்கிரம் கிளம்ப மாட்டாங்களே!”

“ஆறு மாசம் மாத்திரை போட்டா கிளம்பிடும்.”

ஒரு மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா மறந்துபோய் முதல் நாளே அலறிய அலறலில் பக்கத்துக் கடைக்காரரும் ஓடி வந்துவிட்டார். ஆனால் விரல் போய்விடுமோ என்ற பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கணவர் வலையோடு மீன் துரத்துவதைப் பார்த்துச் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

விரல் பிழைத்தது, முழுதாக மடங்கத்தான் இல்லை. இப்போது முழங்கை வரை ரப்பர் உறை மாட்டித்தான் தொட்டியில் கைவிடுகிறார். டீ குடிக்கும்போது அந்த விரல் தம்ளரை விட்டு நேராக நீட்டிக்கொள்ளும்.

“நான் என்ன தப்பு பண்ணேன்? என்னையே காட்டுற?” என்பார் எதிரில் உட்கார்ந்த கணவர்.

“யோசிச்சுப் பாருங்க, எதாவது இருக்கும்.”