மூப்பர் வீட்டம்மா

வேங்கிக்கால் சபையில் பாஸ்டருக்குத் துணையாக இருந்த பழைய மூப்பர் இறந்துபோன பிறகு, அந்த இடத்துக்கு அருணகிரியைத் தவிர வேறு பேரை யாரும் சொல்லவில்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஆராதனையில் முன்னால் நின்று பாடுபவர். கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் முண்டியடிக்கும் சிறப்புப் பஸ்ஸிலும் வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றி, உட்கார இடம் கேட்டு வாங்கித் தருவார். சபைக்காரர் யாராவது பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தால், டூட்டி முடிந்த கையோடு காக்கிச்சட்டையைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டிலருகே நின்று ஜெபம் செய்வார். குடி, புகை எதுவும் கிடையாது. தாமரை நகரில் அவர் குடியிருந்த தெருவில், சர்ச்சுப் பக்கமே போகாதவர்கள்கூட அவரைத் தங்கமான மனுஷன் என்றார்கள்.

அவர் மனைவி சரோஜாவுக்கு அதில்தான் சங்கடம். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. ஊரை ஏமாற்றுகிற ஆள் என்று அவரை ஒரேயடியாகத் தள்ளிவிட அவளால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் விட்ட கண்ணீரை அவளே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்குள் வந்தால் அவருக்குக் கை நீளும். குழம்பில் உப்பு ஜாஸ்தியானாலும் நீளும், போனை எடுக்க நேரமானாலும் நீளும். அடித்துவிட்டு அழுவார். அவளைப் பக்கத்தில் முழங்கால்போட வைத்து ஜெபிப்பார். மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது புரோட்டா பார்சல் வாங்கி வருவார். மகள் அறிவுமதி பத்தாவது படித்த வருஷம், ஒரு பௌர்ணமி டூட்டி முடிந்து வந்து அறைந்ததில் சரோஜாவுக்கு இடது காது கேட்காமல் போனது. சபையில் கேட்டவர்களிடம் சீழ் வைத்துப் போச்சு என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்த அறிவுமதி, படிப்பு முடிந்ததும் சென்னையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவுக்குப் போன் செய்வாள்.

பாஸ்டர் புகழேந்திக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரையும் மூப்பராக்கும் முன் அவர்கள் வீட்டாரிடம் தனியாகப் பேசுவார். அருணகிரியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா கேளுங்க பாஸ்டர்" என்றார். அன்று காலை டூட்டிக்குக் கிளம்பும்போது சரோஜாவிடம், "இன்னா பேசணும்னு உனக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். சரோஜா டீ போட்டுக் கொடுத்தாள். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பாஸ்டர் ஏதோ கேட்டது அவள் காதில் விழவில்லை. அவர் மனைவி தொட்டுக் காட்டியதும் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லம்மா. அவரு வீட்ல எப்படின்னு கேட்டேன்."

"நல்லா பாத்துக்கிறாருங்க."

"சபைய மேய்க்கிறவருக்கு நல்லா பாடத் தெரியலன்னா பரவாயில்ல, பேசத் தெரியலன்னாகூட பரவாயில்ல. பொறுமை வேணும். கை நீட்டுறவரா இருக்கக் கூடாது. வீட்ல இருக்கிறவங்க அவர மதிக்கணும், பயப்படக் கூடாது. அதுக்குத்தாம்மா உங்ககிட்ட கேக்கறேன்."

சரோஜா டீ டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள். எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்றும் அவள் யோசித்ததில்லை.

"இந்தக் காது சீழ் வெச்சுப் போவலீங்க" என்றாள்.

பாஸ்டர் மனைவி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரோஜா அழவில்லை. கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். கடைசியில் பாஸ்டர், "நான் இத அவர்கிட்ட பேசித்தான் ஆவணும். அதனால உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று இழுத்தார்.

"தெரியலீங்க."

"எந்நேரமா இருந்தாலும் எங்க வீட்டுக்கு வந்துடு" என்றாள் அவர் மனைவி.

மறுநாள் பாஸ்டர் அருணகிரியைக் கூப்பிட்டு, மூப்பர் பொறுப்பு இப்போது வேண்டாம், முதலில் மனைவியிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேளுங்கள், நானும் கூட இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அருணகிரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சரோஜா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒண்டி நின்றாள். அவர் கையை ஓங்கவில்லை.

"ஆண்டவருக்கு நான் செஞ்சதெல்லாம் உன் ஒரு வாயால போச்சு."

"அவரு கேட்டாரு. சொன்னேன்."

"கேட்டா சொல்லிடுவியா?"

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் வெளியே போய்ச் சாப்பிட்டார். அடி நின்றுபோனது. அது நல்லதுதானே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒரே வீட்டுக்குள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நாள் போவது அதைவிடக் கனமாக இருந்தது.

பாஸ்டர் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததே அவருக்கு வினையானது. திறமையான ஆள் வளர்ந்துவிடுவான் என்று பாஸ்டருக்குப் பொறாமை என்றார்கள். சரோஜாதான் எதையோ போட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று பெண்கள் மோப்பம் பிடித்தார்கள். "புருஷன் பேரக் காப்பாத்தத் தெரியாதவ" என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். சில குடும்பங்கள் சபையை விட்டே போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நாற்காலிகள் மடித்தபடியே சுவரில் சாய்ந்திருந்தன. பாஸ்டர் அதே குரலில்தான் பிரசங்கம் செய்தார். ஆனால் ஆள் இளைத்துப்போயிருந்தார்.

அறிவுமதிக்கு விஷயம் தெரிந்ததும் அன்றைக்கே போன் செய்தாள். "இப்பவாவது சொன்னியேம்மா. கெளம்பி இங்க வந்துடு."

"வரேன்" என்றாள் சரோஜா. போகவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அருணகிரி கீழ்பென்னாத்தூரில் வேறொரு சபைக்குப் போக ஆரம்பித்தார். அங்கேயும் பாடினார், நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். சில மாதத்திலேயே அங்கே அவரை மூப்பராக்க முடிவுசெய்துவிட்டார்கள். அந்தப் பிரதிஷ்டை ஆராதனைக்கு வரச் சொல்லி அவள் போனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். சரோஜா போனாள். வெள்ளைச் சட்டையில் முழங்கால்போட்டிருந்த அவர் தலைமேல் நாலைந்து பேர் கைவைத்து ஜெபித்தார்கள். அவர் தோள் குலுங்க அழுதார். அந்த அழுகை பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெபம் முடிந்ததும் அந்தச் சபைப் போதகர் மேடையிலிருந்து அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "இந்தத் தாயாரோட ஜெபந்தான் ஐயாவ இங்க நிறுத்தியிருக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். விருந்தில் அவளுக்கு முதல் பந்தியில் இடம் கொடுத்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிறு காலையில் சரோஜா இருவருக்குமாகச் சமைத்து மூடி வைக்கிறாள். அவர் பைக்கில் கீழ்பென்னாத்தூருக்குப் போகிறார். அவள் பஸ் பிடித்து வேங்கிக்கால் போகிறாள்.