வளையல் போட்ட மீன்

பால் காய்வதற்குள் முடித்துவிட வேண்டும். அடுப்பைத் தணித்துவிட்டு முக்காலியில் ஏறி, முழங்கைவரை கையை உப்புநீருக்குள் விட்டு, காலாவதியான நூலக அட்டையால் மீன்தொட்டியின் கண்ணாடியை உட்புறமாகச் சுரண்டுகிறாள். பவளம் வளர்க்கிற தொட்டியில் ஓர் ஊதாப் பாசி வரும். முதலில் மிளகளவு புள்ளி. விட்டுவைத்தால் சுண்ணாம்பாய் இறுகி, கண்ணாடியே சுவராகிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, கணவர் குளிக்கப் போகிற பத்து நிமிடத்தில் இந்த வேலை நடந்துவிடுகிறது. முழங்கையில் உப்பு பூத்திருப்பதை இன்றுவரை யாரும் என்னவென்று கேட்டதில்லை.

தொட்டி கணவருடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை நாலடி அகலத்துக்கு உடைத்து, தொட்டியை அதில் பொருத்தினார். கூடத்துப் பக்கம் முன்பக்கம், சமையலறைப் பக்கம் பின்பக்கம் என்பது அவர் வகுத்த சட்டம். முன்பக்கத்தைத் தினமும் அவரே தேய்ப்பார். பின்பக்கத்தில் பாசி பிடிப்பதே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை பிடிபடாது. கடல்மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் அதற்குக் காரணமும் எழுதினார்: தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தை அவர் பிடித்து வைத்திருக்கும் பக்குவம். எண்பத்தேழு பேர் கைதட்டினார்கள். அவளிடம் படித்துக் காட்டியபோது, "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள்.

கேட்பது அவள் சுபாவம். பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். "அங்க பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. வீட்டுலயாவது நான் கேக்கறேனே" என்பாள். மீனுக்குக் கொட்டாவி வருமா, இறால் தோலை உரித்துப்போட்ட அன்றைக்கு அதற்குக் கூச்சமாக இருக்காதா, பவளம் வளர்கிறதென்றால் வயதாகிறது என்றும் அர்த்தமா என்று கணவரைக் குடைந்தெடுப்பாள். ஆனால் மனுஷர்கள் விஷயத்தில் ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டாள். கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கும். மகள் அப்பாவிடம் சொல்லுவாள்: "அம்மாவுக்கு முதுகுலயும் கண்ணுப்பா. சும்மா மாட்டிக்காதீங்க."

முதுகில் ஒன்றுமில்லை. அடுப்படியில் நின்றால் தொட்டி வழியாகக் கூடம் முழுக்கத் தெரியும். தண்ணீர் சற்று வளைத்துக் காட்டும். வருகிறவர் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகக் கதவைத் திறந்துகொண்டு வருவார். மகள் போனை வைத்த பிறகு அவள் முகத்தில் தங்குவது சிரிப்பா, சிரிப்பு போன இடமா என்பது நடுவில் நீந்தும் ஆரஞ்சு மீன் நகர்ந்ததும் தெரிந்துவிடும். கூடத்திலிருந்து பார்க்கிறவர்களின் கண் மீனோடு நின்றுவிடுவதால், அவள் பார்ப்பது யாருக்கும் தெரியாது.

மூன்று வருஷம் முன்பு கணவரின் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவர் வீட்டில் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, சாயங்காலம் திரும்புவார். அன்றொரு நாள் ஐந்தரை மணிக்குக் கூடத்தில் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்று, மத்தியானச் சாப்பாட்டை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார், டப்பா காலியாகத் திரும்ப வேண்டுமென்று. மறுநாளிலிருந்து அவள் பாதி அளவுதான் வைத்தாள். பதினோராம் நாள் அவராகச் சொன்னார். "சரி, அடுத்தது பாத்துக்கலாம்" என்றாள்.

இப்போது அவருக்குத் தொட்டிக்குப் பின்னணி நிறம் வேண்டியிருக்கிறது. காரணம் குழுவில் அவர் போட்ட ஒரு படம். மனிதர்களின் கண்தான் மீனோடு நிற்கும், கேமரா நிற்கவில்லை. பவளத்துக்குப் பின்னால் அடுப்பு, குப்பைக்கூடை, ஒரு கை. "வளையல் போட்ட மீன் என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்லோரும் சிரித்துவைத்தார்கள்.

அன்றே சார்ட் தாள்கள் வந்தன. ஒவ்வொன்றையும் மூன்று நாள் பின்பக்கத்தில் ஒட்டிப் பார்த்தார். வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அதில் மஞ்சள் மீன் சாயம் போனதுபோல் வெளுத்துப் பாறைக்குள் புகுந்துகொண்டது. நீலம் ஆழம் கொடுத்தது, ஆனால் பள்ளிக்கூடப் படம் மாதிரி இருந்தது. கறுப்பில் பவளங்கள் தணலாய் ஜொலித்தன. பால்காரர், மாடிவீட்டுக்காரர், குழுவின் எண்பத்தேழு பேர் என்று எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டார்.

ஒன்பது நாளும் அவளுக்குக் கிடைத்தது தாளின் முதுகு. வாசல் மணி அடித்தால் யாரென்று எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. கூடத்தில் மகள் யாரிடமோ தணிந்த குரலில் பேசியது சொல்லாகவும் வரவில்லை, முகமாகவும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஏன் என்று கேட்பாரே. உங்களையெல்லாம் ஒளிந்து நின்று பார்க்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பார்ப்பது தெரிந்துவிட்டால் அப்புறம் பார்க்க எதுவும் மிஞ்சாது. கேட்டது ஒன்றுதான்: "கறுப்பு அடிச்சா திரும்ப எடுக்க முடியுமா?"

"எதுக்கு எடுக்கணும்?" என்றார் அவர்.

சனிக்கிழமை தாளைப் பிய்த்தார். ஞாயிறு காலை கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு சமையலறைக்கு வந்து, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, கீழ் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குத் தூரிகையை இழுத்தார். அடுத்த இழுப்புக்குக் குனிந்தவர் அப்படியே நின்றார். ஆறு வருஷத்தில் அந்த இடத்திலிருந்து தொட்டி வழியாக அவர் கூடத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் மகள் அவருடைய காலி நாற்காலிக்கு முன் நின்று கைகட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தித் தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"யார்கிட்ட பேசறா?"

"உங்ககிட்டதான். ஒத்திகை பாக்கறா."

"என்னன்னு?"

"நேத்து பெரிய பெட்டிய இழுத்து, பூட்டு சரியா இருக்கான்னு பாத்துட்டு உள்ள தள்ளினா. வெளியூர்ல வேலை கெடச்சிருக்கும். நீங்க அனுப்ப மாட்டீங்கன்னு பயம்."

"உன்கிட்ட சொன்னாளா?"

"இல்ல."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அடுப்படியில் அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவோ மெதுவாகக் கீழே இறங்கியது.

"அப்ப அந்த வருஷம்... நான் சாப்பாட்டு டப்பாவ..."

அவள் குழாயைத் திறந்து, கழுவிவைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவத் தொடங்கினாள்.

 அவர் தூரிகையை டப்பாவின் வாய்மேல் குறுக்கே வைத்து, குந்தி உட்கார்ந்து, சட்டை நுனியால் அந்த ஈரக் கறுப்பை அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு, கறுப்பான நுனியை உள்ளே செருகிக்கொண்டு, கூடத்துக்குப் போனார்.