விசாரணை தள்ளிப்போக வேண்டும் என்று ஜெபித்தேன்

நான் பொய்ச் சாட்சி சொன்னவன். கன்வென்ஷன் மேடைகளில், கண்ணீரோடு, பலமுறை சொன்னவன். உங்களில் வயதானவர்கள் கேட்டிருப்பீர்கள். நம் சபைகளின் இதே பத்திரிகையில் முதல் பக்கத்திலும் அது வந்தது. அதைத் திருத்தி எழுதித் தரலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றார். அது போதும் எனக்கு.

திருநெல்வேலியிலிருந்து மிஷனரியாக மேற்கு வங்காளம் வந்து, புருலியா பக்கம் ஒரு சந்தால் பழங்குடிக் கிராமத்தில் ஊழியம் செய்தேன். பள்ளிக்கூடம் கட்ட ஊர்த்தலைவர் இடம் தந்தார். எழுத்து எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். பக்கத்திலிருந்த சால் மரத் தோப்பு ஊருக்குப் பொது, அதை மட்டும் தொடாதீர்கள் என்றார். அவர்கள் கும்பிடுவதும் கூடிப் பேசுவதும் அங்கேதான். நான் தலையாட்டினேன். சுற்றுச்சுவர் எழுப்பும்போது தோப்பையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டேன். அவர்கள் அங்கே கும்பிடுவது நின்றால் நல்லதுதானே என்று ஆவிக்குரிய காரணம் ஒன்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோப்பைத் திறந்துவிடச் சொல்லி ஊரார் பள்ளி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து மேளம் அடித்தார்கள். ஒருவரும் கல் எறியவில்லை. காலையில் மேளம், மாலையில் மேளம். நான் நம் சபைகளுக்கு அனுப்பிய ஜெபக் கடிதத்தில், சத்துருக்கள் வில்லோடும் அம்போடும் சூழ்ந்திருக்கிறார்கள் என்று எழுதினேன். வில் ஒன்று இருந்தது உண்மை. ஒரு முதியவர் அதை ஊன்றிக்கொண்டுதான் நடப்பார். நீங்கள் உபவாசமிருந்து சங்கிலி ஜெபம் செய்தீர்கள். பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்த என் மனைவி எஸ்தரும், பிள்ளை பெற்ற உடம்போடு உபவாசம் இருந்தாள். ஒருநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஆளில்லை. கர்த்தர் அவர்களைச் சிதறடித்தார் என்று சாட்சி சொன்னேன். வேதத்தில் வரும் எரிகோவையும் துணைக்கு இழுத்தேன். எரிகோவில் மதில் விழுந்தது, என் கதையில் மதில் நின்றது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இப்போது ஓய்வுபெற்று, கல்கத்தாவில் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் சின்ன ஃப்ளாட் ஒன்றில் இருக்கிறோம். அந்தப் பள்ளி மூடப்பட்டுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் மிஷன் அந்த இடத்தைத் தோப்போடு சேர்த்து, சுற்றுலா விடுதி கட்டுகிற ஒருவருக்கு விற்கப் பார்த்தது. ஊரார் ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் ஓர் அலுவலகத்தில் விசாரணை வந்தது. ஊர்த்தலைவர் இறந்துபோயிருந்தார். அவர் சொன்ன வார்த்தைக்கு உயிரோடிருக்கிற சாட்சி நான் ஒருவன்தான். அவர் மகள் பாஹா என்னைத் தேடி வந்து, விசாரணையில் சொல்வீர்களா என்று கேட்டாள். பார்க்கலாம் அம்மா என்றேன். ஊழியக்காரன் பொய் சொல்லக் கூடாதே.

சொன்னால் என் பேர் போய்விடும். மேடையில் அழுததெல்லாம் நடிப்பு என்பார்கள். முழங்காலில் நின்று, ஆண்டவரே, இந்த விசாரணை தள்ளிப்போகட்டும் என்று ஜெபித்தேன்.

உடனே கேட்டார். பூஜை விடுமுறை வந்து விசாரணை தள்ளிப்போயிற்று. ஆனால் சாந்த்ராகாச்சியில் ரயிலிறங்கி வந்த பாஹாவும் மற்றப் பெண்களும் எங்கே தங்குவார்கள்? எஸ்தர் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அடுத்த தடவையும் ஜெபித்தேன். மழைத் தண்ணீரில் அதிகாரியால் அலுவலகம் வர முடியவில்லை. தண்ணீர் வடியும்வரை இவர்களாலும் ஊர் திரும்ப முடியவில்லை. அதற்கடுத்த தடவை, வேறு யாரோ நடத்திய ஊர்வலத்தில் நகரமே நின்றுபோனது. என் வாழ்நாளில் இவ்வளவு கச்சிதமாக என் ஜெபங்கள் கேட்கப்பட்டதில்லை. ஒவ்வொரு பதிலும் என் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. என் வீட்டுக் குளியலறைக்கு நானே வரிசையில் நின்றேன். அந்தப் பெண்களோ, என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு என்னைப் பற்றி எஸ்தரிடம் ஒரு குறை சொல்லவில்லை.

ஊர்வலம் நடந்த அன்று மாலை எங்கள் வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம். ஜாதவ்பூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தங்கதுரை அண்ணாச்சி, பஸ் இல்லாமல் நடந்தே வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் சில பையன்களும் வந்திருந்தார்கள்.

“ஐயா, அந்த மேளச் சாட்சியச் சொல்லுங்க. இந்தத் தம்பிமாரு கேட்டதே இல்ல” என்றார் அண்ணாச்சி.

தொண்டை சரியில்லை என்றேன். வெந்நீர் வந்துவிட்டது. தமிழில்தானே சொல்கிறோம் என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன். மூலையில் இருந்த பாஹா என்ன விஷயம் என்று கேட்க, எஸ்தர் வங்காள மொழியில் சொல்லத் தொடங்கினாள். நான் வேகத்தைக் கூட்டினேன். அவளும் கூட்டினாள். வில்லும் அம்பும் வந்தபோது பாஹா பக்கத்துப் பெண்ணின் தொடையில் தட்டிச் சிரித்தாள். சிதறடித்தார் என்றபோது நிமிர்ந்து உட்கார்ந்து, எஸ்தரிடம் நிதானமாகப் பேசினாள். எஸ்தர் என்னையே பார்த்தாள்.

“அந்தம்மா என்ன சொல்லுது?” என்றார் அண்ணாச்சி.

“அன்னைக்கு மழ விழுந்துச்சாம். நாத்து நடப் போனாங்களாம். நட்டுட்டுத் திரும்பி வந்தா, இவரு கேட்டப் பூட்டிட்டு ஊருக்குச் சாட்சி சொல்லப் போயிட்டாராம்.” எஸ்தரின் குரல் இறங்கியது. “சோறு திங்காமயா ஜெபிச்சீங்கன்னு கேக்கா. அவங்க வீட்லயும் அப்போ சோறு இல்லியாம். வேலைக்குப் போனாத்தான சோறு?”

எஸ்தர் என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “பிள்ளைக்குப் பால் பத்தாம அழுதான். அப்பவும் நான் சாப்பிடல.”

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. தோப்பு, ஊர்த்தலைவரின் வார்த்தை, கடிதம், எல்லாவற்றையும் முதலில் வங்காள மொழியிலும் பிறகு தமிழிலும் சொல்லி அழுதேன். மேடையில் அழுததைப் போல அழகாக வரவில்லை, மூக்கு ஒழுகியது. ஒரு பையன் தயங்கி, “அப்போ எரிகோ, ஐயா?” என்று கேட்டான். அது வேதத்தில் நடந்தது தம்பி, என்னிடத்தில் நடக்கவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு தள்ளிப்போகச் சொல்லி ஜெபிக்கவில்லை. விசாரணையும் தள்ளிப்போகவில்லை. தோப்பு ஊருக்குச் சொந்தம், வாக்குக் கொடுத்து மீறியவன் நான் என்று அதிகாரி முன் சொன்னேன். இத்தனை காலம் கழித்து ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் இனி இடமில்லை ஐயா என்றேன். அவர் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

மிஷன் தோப்பை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. மற்ற நிலத்துக்கு இன்னும் வழக்கு நடக்கிறது. கன்வென்ஷனுக்கு இப்போது என்னை அழைப்பதில்லை. தோப்புப் பக்கத்துச் சுவரை இடிக்கிற அன்று பாஹா கூப்பிட்டாள். எஸ்தரோடு போனேன். நான் கட்டிய சுவரை நானே இடிப்பேன் என்று கடப்பாரையைத் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. என்னை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அவர்களே இடித்தார்கள். என்னை மன்னித்தாயா என்று பாஹாவிடம் கேட்டேன். முதலில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், செங்கல் விழும் என்றாள்.

அன்று எனக்காகப் பட்டினி கிடந்தவர்களே, என்னை மன்னியுங்கள். உங்கள் ஜெபம் வீண்போகவில்லை. மழை வந்தது, அவர்கள் பயிர் பிழைத்தது. தேவன் அதை யாருக்காக அனுப்பினார் என்பதில்தான் நான் பொய் சொன்னேன். இப்போதெல்லாம் நான் தனியாக ஜெபிப்பதில்லை. எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாகச் சொல்லுங்கள் என்கிறாள்.

நீங்களும் அவரை நம்புங்கள். உங்கள் ஜெபம் கோழைத்தனமானதாக இருந்தாலும் சொல்லுங்கள், அவர் கேட்பார். நாம் யாரைப் பார்க்கப் பயப்படுகிறோமோ, அவர்களையே பெட்டி படுக்கையோடு நம் வீட்டுக்கு அனுப்பிவைப்பார். கதவைத் திறந்துவிடுங்கள்.