தவளையார் விட்ட லீவு

என் புத்திசாலித்தனத்துக்குப் பொன்னாடை போர்த்தலாம். போர்த்திய கையோடு மந்தைவெளி மழைத்தண்ணீரில் தள்ளியும் விடலாம். அப்படி ஒரு காரியம் செய்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், நவம்பர் மழை. மயிலாப்பூர் வீட்டில் பொழுது போகாமல், டிவிக்காரர்கள் போடுகிற நியூஸ் கார்டு மாதிரியே ஒன்று செய்தேன். மேலே கொட்டை எழுத்தில், ‘சென்னையில் நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை’. அடியில் குடை பிடித்த தவளை, ‘அறிவிப்பு: தவளையார்’. நண்பர்கள் குழுவில் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை எட்டே முக்கால். பால் வாங்க இறங்கினேன். கீழ் வீட்டு அக்கா வாசலில் சந்தோஷமாக நின்றிருந்தார். அவர் மகள் அடையாறில் கல்லூரிக் கடைசி வருடம்.

“இன்னிக்கு அவளுக்கு ப்ராக்டிகல் பரீட்சை தம்பி. நல்லவேளை, லீவு வுட்டுட்டாங்க. தூங்கிக்கினு கீறா.”

அவர் நீட்டிய போனில் என் கார்டு. யாரோ அடிப்பகுதியை வெட்டியிருந்தார்கள். தவளையைக் காணோம், விடுமுறை மட்டும் இருந்தது.

“அக்கா, இது பொய். லீவே இல்ல. நான்தான் இத செஞ்சேன்.”

“தோ பாரு, நியூஸ்லயே வந்துகீது. நீ எப்பவும் இப்டிதான், வெள்ளாடிக்கினே இருப்பே.”

அபூர்வமாக உண்மை பேசுகிறேன், நம்ப ஆளில்லை. என் போனைத் துழாவி, தவளையோடு இருந்த முழுப் படத்தைக் காட்டினேன். அக்கா முகம் வெளுத்தது. உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள். ஒன்பதரைக்கு மேல் லேபுக்குள் விடமாட்டார்களாம். அரியர் விழுந்தால், கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையும் போய்விடுமாம்.

ஐந்தே நிமிடத்தில் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மந்தைவெளியில் முழங்கால் தண்ணீர். வண்டி இருமிவிட்டு நின்றது. இறங்கித் தள்ளினோம். பின்னாலிருந்து அவள் மணி மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். “ஒம்போது பத்து... ஒம்போது பதினஞ்சு...” திட்டவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மேட்டில் ஏறி நாலைந்து உதை கொடுத்ததும் வண்டிக்கு உயிர் வந்தது. அடையாறு பாலத்தை எப்படித் தாண்டினேன் என்று இப்போதும் தெரியாது. ஒன்பது இருபத்தெட்டுக்கு வாட்ச்மேன் கேட்டில் கை வைத்திருந்தார். இடுக்கில் நுழைந்து, வெள்ளைக் கோட்டை மார்போடு அணைத்தபடி ஓடினாள்.

மதியம் வரை ஈரத்துணியோடு வெளியிலேயே நின்றேன். பரீட்சையை முடித்துவிட்டுத்தான் வந்தாள். அன்று முதல் எதை அனுப்புவதானாலும், அடியில் வெட்டினால் மிச்சம் என்ன நிற்கும் என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.

“இனிமே சத்தியமா இப்படிச் செய்ய மாட்டேன்மா” என்றேன் அன்று அவளிடம்.

ஈரக் கோட்டை மடித்தபடியே சொன்னாள்:

“நியூஸ்ல வரட்டும்ண்ணா, நம்பறேன்.”